கல்லீரலின் வடிகால்கள்

பெருங்குடலில் ஆண்டுக்கணக்கில் அழற்சி நீடிக்கும் நோயாளிகளுள் ஒரு சிறு பிரிவினருக்கு, குடலோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதவை போலத் தோன்றும் பித்தநாளங்கள் மெல்லமெல்லத் தழும்பேறிச் சுருங்கத் தொடங்குகின்றன. வலியோ காய்ச்சலோ மஞ்சள் நிறமோ தோன்றாமல் பல ஆண்டுகள் கடந்துபோகக்கூடும் என்பதால், நோயாளி தம் குடலைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டுக்கொண்டிருக்க, மறுபுறம் கல்லீரல் தன் போக்கில் கெட்டுக்கொண்டிருக்கிறது. பிரைமரி ஸ்க்ளீரோசிங் கோலாஞ்சைட்டிஸ் என்று மருத்துவ உலகம் அழைக்கும் இந்நோய், வெளிப்படையான காரணம் ஏதுமின்றிப் பித்தநாளங்களில் அழற்சி ஏற்பட்டு, அந்த அழற்சி ஆறும் இடங்களிலெல்லாம் நார்த்திசு படிந்து, நாளங்களை அங்கங்கே நெரித்துவிடும் நிலையாகும். இந்த அத்தியாயத்தில் இதனைப் பித்தநாளத் தழும்பு நோய் என்று குறிப்பிடுவது வசதியாக இருக்கும்.

கல்லீரல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 முதல் 800 மில்லிலிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. கொழுப்பைக் கரைத்துச் செரிக்க உதவும் பித்த அமிலங்களும், பழைய சிவப்பணுக்கள் சிதைவதால் உண்டாகும் பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறமியும், உடல் வெளியேற்ற விரும்பும் கொலஸ்ட்ராலும் மருந்துக் கழிவுகளும் அதில் கலந்திருக்கின்றன. கல்லீரல் செல்களுக்கு இடையேயுள்ள மிக நுண்ணிய இடுக்குகளில் ஊறும் இந்நீர், சிறு நாளங்களில் சேர்ந்து, அவை ஒன்றோடொன்று கூடிப் பெருநாளங்களாகி, முடிவில் ஒரே பொதுப் பித்தநாளமாகச் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் வந்து திறக்கிறது.

தாராசுரத்தைச் சுற்றியுள்ள நெல்வயல்களை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பு எளிதில் விளங்கும். அரசலாற்றிலிருந்து பிரிந்து வயலுக்கு நீர் கொண்டுவரும் பாசன வாய்க்கால் வேறு, வயலில் மிகுந்த நீரை வாங்கிக்கொண்டு போகும் வடிகால் வேறு. ஒன்று பிரிந்துகொண்டே போகிறது, மற்றொன்று சேர்ந்துகொண்டே போகிறது. கல்லீரலில் குடலிலிருந்து இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையின் கிளைகள் பாசன வாய்க்கால்களாகவும் பித்தநாளங்கள் வடிகால்களாகவும் அமைந்து, இரண்டும் ஒரே உறைக்குள் பக்கத்தில் பக்கமாக எதிரெதிர்த் திசைகளில் ஓடுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மாத மழையில் வடிகால் தூர்ந்துபோனால், வாய்க்கால் எவ்வளவு செம்மையாக இருந்தாலும் தேங்கிய நீரில் சம்பாப் பயிர் அழுகும் என்பது டெல்டா விவசாயிக்குத் தெரியும். பித்தநாளம் நெரிபடும்போதும் அவ்வாறே, வெளியேற வழியற்ற பித்தநீர் தன்னைச் சுரந்த செல்களையே அரிக்கத் தொடங்குகிறது. செத்த செல்களின் இடத்தை நார்த்திசு நிரப்ப, காலப்போக்கில் கல்லீரல் முழுவதும் இறுகிச் சுருங்கும் சிரோசிஸ் நிலை வந்துசேர்கிறது.

கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு போர்ட்டல் சிரை வழியாகக் குடலிலிருந்தே வருகிறது. குடலில் உறிஞ்சப்படும் உணவுச் சத்து மட்டுமல்லாமல், அங்கு வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்களின் விளைபொருள்களும் முதலில் கல்லீரலையே அடைகின்றன. பித்த அமிலங்களும் சுமார் 95 விழுக்காடு சிறுகுடலின் கடைப்பகுதியில் மீண்டும் உறிஞ்சப்பட்டு இதே வழியில் கல்லீரலுக்குத் திரும்புகின்றன. குடலும் கல்லீரலும் இடையறாத கொடுக்கல் வாங்கலில் இருக்கும் உறுப்புகள் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், ஒன்றில் ஏற்படும் அழற்சி மற்றொன்றைத் தொடுவதில் வியப்பு குறைந்துவிடும்.

குடல் அழற்சி நோய் என்ற பொதுப்பெயரின் கீழ் இரண்டு நோய்கள் அடங்குகின்றன. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் பெருங்குடலின் உட்படலத்தை மட்டும் புண்ணாக்குவது. குரோன் நோய் வாய் முதல் மலவாய் வரை எங்கும் தோன்றிக் குடற்சுவரின் முழு ஆழத்தையும் தாக்கக்கூடியது. வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பித்தநாளத் தழும்பு நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்குக் குடல் அழற்சி நோயும் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். மறுதலையாகப் பார்த்தால், அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் உள்ளவர்களில் 20 பேருக்கு ஒருவர் என்ற அளவிலேயே பித்தநாளம் பாதிக்கப்படுகிறது. ஜப்பான் முதலிய ஆசிய நாடுகளில் இவ்விரு நோய்களும் இணைந்து வருவது மேற்கைவிடக் குறைவு. ஆண்களையே இந்நோய் மிகுதியாகத் தாக்குகிறது என்பதும், பெரும்பாலும் 30 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில், அதாவது குடும்பப் பொறுப்பு முழுவதும் தோளில் ஏறியிருக்கும் காலத்தில், கண்டறியப்படுகிறது என்பதும் அதன் கொடுமையை மிகுவிக்கின்றன.

இந்நோயின் முதல் விவரிப்புகள் 1867இலும் 1924இலும் ஐரோப்பாவில் வெளிவந்தபோதிலும், அதன் பின்னரும் அரை நூற்றாண்டுக் காலம் அது அறுவை மேசையிலோ பிணக்கூறாய்விலோ மட்டுமே தென்படும் அரிய நோயாகக் கருதப்பட்டது. வாய்வழியாக உள்நோக்கிக் குழாயைச் சிறுகுடல் வரை செலுத்தி, பித்தநாளத்தின் வாயில் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுக்கும் ஈ.ஆர்.சி.பி. முறை 1970களில் பரவிய பிறகுதான் உயிரோடிருப்பவரின் பித்தநாளங்களை மருத்துவர்கள் முழுமையாகக் கண்டார்கள். நெரிந்த இடமும் உப்பிய இடமும் மாறிமாறி வர, நாளம் முழுவதும் மணிகள் கோத்த சரம்போலத் தோன்றும் அந்தப் படம் ஒருமுறை கண்டவர்க்கு மறக்காது. 1980இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்தும் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையிலிருந்தும் பெருந்தொகுப்புகள் வெளியானபின், அரிது என்று எண்ணப்பட்ட நோய் உண்மையில் பார்க்கப்படாமல் இருந்த நோய் என்பது தெளிவாயிற்று. இன்று சாயமோ குழாயோ இன்றிக் காந்தப்புலத்தால் பித்தநாளங்களைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேனே முதற்சோதனையாக விளங்குகிறது.

நோய் ஏன் வருகிறது என்ற வினாவுக்கு இன்றுவரை முடிவான விடை இல்லை. ஆனால் துப்புகள் பல உண்டு. எச்.எல்.ஏ. எனப்படும் நோயெதிர்ப்பு மரபணுக்களில் குறிப்பிட்ட சில வகைகள் இந்நோயாளிகளிடம் மிகுந்திருப்பதால் மரபுவழி நாட்டம் ஒன்று இருப்பது உறுதி. குடலின் அழற்சியில் பயிற்சிபெற்ற வெள்ளணுக்கள், குடற்சுவரின் இரத்தக் குழாய்களில் மட்டும் இருக்கவேண்டிய முகவரிப் புரதங்கள் கல்லீரலின் இரத்தக் குழாய்களிலும் தோன்றிவிடுவதால், வழிதவறி அங்கே சென்று தங்கிப் பித்தநாளங்களைத் தாக்குகின்றன என்ற கருத்தை பர்மிங்காம் ஆய்வாளர்கள் 2002இல் முன்வைத்தனர். குடல் அழற்சி அடங்கிப் பல ஆண்டுகள் கழிந்தபின்னும், ஏன், பெருங்குடலையே முழுவதும் அகற்றிய பின்னும்கூடப் பித்தநாள நோய் முதன்முதலாகத் தலைகாட்டுவதை இந்தக் கருத்து அழகாக விளக்குகிறது. ஆயினும் வெள்ளணுக்கள் அந்த முகவரியைப் பற்றிக்கொள்வதைத் தடுத்துக் குடலை ஆற்றும் வெடோலிசுமாப் என்ற மருந்து, பித்தநாளங்களுக்குக் குறிப்பிடத்தக்க நன்மை எதையும் செய்யவில்லை. அழகிய விளக்கம் என்பதாலேயே அது முழு உண்மையாகிவிடாது.

இரண்டாவது துப்பு பாக்டீரியாக்களைச் சுட்டுகிறது. ஜப்பானின் கெயோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், பித்தநாளத் தழும்பு நோயும் கோலைட்டிஸும் சேர்ந்துள்ளவர்களின் மலத்தை, எந்த நுண்ணுயிரும் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குச் செலுத்தியபோது, க்ளெப்சியெல்லா உள்ளிட்ட மூன்று பாக்டீரியாக்கள் குடலின் தடுப்பைத் தாண்டி நிணநீர்க் கணுக்களில் குடியேறியதும், அவற்றுள் க்ளெப்சியெல்லா குடற்செல்களில் துளையிட்டுக் கல்லீரலில் அழற்சியைத் தூண்டியதும் தெரியவந்தன. கசியும் குடல், அதன் வழியே புகும் பாக்டீரியா, அதற்கு அளவு மீறி எதிர்வினை புரியும் மரபு ஆகிய மூன்றும் ஒருவரிடத்தில் கூடும்போது நோய் பிறக்கிறது என்பதே இன்றைய நிலையில் மிகவும் ஏற்கத்தக்க கருத்தாகத் தோன்றுகிறது.

இந்தியாவில் குடல் அழற்சி நோயே இல்லை என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. லூதியானாவைச் சேர்ந்த மருத்துவர்கள் பஞ்சாபில் வீடுவீடாகச் சென்று 51,910 பேரை விசாரித்து 2003இல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தைத் தகர்த்தது. ஒரு லட்சம் பேருக்கு 44.3 பேர் என்ற அளவில் அங்கே அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் இருந்தது. அத்தகைய நோயாளி ஒருவருக்குப் பித்தநாளம் கெட்டிருப்பதாகப் படம் காட்டினாலும், இந்திய மருத்துவர் உடனே தழும்பு நோய் என்று முடிவுகட்ட இயலாது. பித்தநாளக் கற்கள், காசநோய், குழந்தைப்பருவத்திலேயே போர்ட்டல் சிரை அடைபட்டு அதைச் சுற்றி முளைக்கும் மாற்றுச் சிரைகள் நாளத்தை அழுத்துதல், காஷ்மீரில் விரிவாக ஆராயப்பட்டுள்ளதுபோல் உருண்டைப்புழு பித்தநாளத்துக்குள் நுழைதல் ஆகிய அனைத்தும் ஏறக்குறைய இதே படத்தைத் தரக்கூடியவை. ஐ.ஜி.ஜி.4 என்ற எதிர்ப்பொருள் பெரும்பாலும் மிகுந்து காணப்படும் பித்தநாள அழற்சி இவற்றுள் தனித்துக் குறிப்பிடத்தக்கது. அது ஸ்டீராய்டு மருந்துக்கு நன்றாக வசப்படும் என்பதால், அதைத் தழும்பு நோய் எனத் தவறாக எண்ணிவிட்டால் குணமாகக்கூடியவர் குணமாகாமல் போவார்.

காவிரி டெல்டாவில் இந்நோய் தாமதமாகவே வெளிப்படுவதற்கான காரணங்கள் உயிரியலில் மட்டும் இல்லை. மலத்தில் இரத்தம் போனால் அது மூலம் என்றும், சளியும் சேர்ந்து போனால் சீதபேதி என்றும் வீட்டிலேயே முடிவு செய்யப்பட்டு, சூட்டைத் தணிக்கும் உணவும் மருந்துக்கடை மாத்திரையும் மாதக்கணக்கில் தொடர்கின்றன. தறிக்குழியில் நாள்முழுவதும் அமர்ந்து பட்டு நெய்யும் தாராசுரத்து நெசவாளரோ, நடவும் அறுவடையும் விட்டால் கூலி இல்லாத விவசாயத் தொழிலாளியோ, ஒரு நாள் வேலையை விட்டு கும்பகோணம் அரசு மருத்துவமனைக்கும், அங்கிருந்து 1959இல் தொடங்கப்பட்ட தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கும் பெருங்குடலை உள்நோக்கிப் பார்க்கும் கொலொனாஸ்கோப்பிக்காகச் சென்றுவருவது அவர் குடும்பத்துக்கு உண்மையான இழப்பு. அந்த இழப்பைக் கணக்கில் கொள்ளாமல், நோயாளிகள் அலட்சியமாக இருக்கிறார்கள் என்று பேசுவது நியாயமாகாது.

கண் மஞ்சளானால் நேர்வது இன்னும் சிக்கலானது. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது தமிழகமெங்கும் வேரூன்றிய நம்பிக்கை. அதை அறிவியலும் ஒருகாலத்தில் ஆவலுடன் சோதித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் ஹெப்பட்டைட்டிஸ்-பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கும் இணைந்து 1988இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், கீழாநெல்லிப் பொடி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து அந்த வைரஸின் அடையாளப் புரதம் மறைந்திருந்தது. பிற இடங்களில் நடந்த பின்னைய ஆய்வுகள் அந்த முடிவை உறுதிசெய்யவில்லை. மாசுபட்ட நீரால் வரும் வைரஸ் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடுவதால், எந்த மூலிகை உண்டாலும் அதற்கே நற்பெயர் சேர்கிறது. தணிந்துவிடும் காமாலைக்கும் நாளம் அடைபட்டதால் வரும் காமாலைக்கும் இடையிலான வேறுபாடு கண்ணின் நிறத்தைப் பார்த்துத் தெரிவதில்லை. மலம் வெளுத்தும் சிறுநீர் அடர்ந்தும் போவது, வாரங்கள் கடந்தும் மஞ்சள் குறையாதது, குளிருடன் காய்ச்சல் விட்டுவிட்டு வருவது, உடலெங்கும் அரிப்பது ஆகியவை அடைப்பைச் சுட்டும் அறிகுறிகள். இவை தோன்றிய பின்னரும் பத்தியத்தில் கழியும் ஒவ்வொரு மாதமும் கல்லீரலிலிருந்து கழிகிறது.

அந்த அரிப்பைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். பித்தநீர் தேங்குவதால் வரும் அரிப்பில் தோலில் தடிப்போ கொப்புளமோ இராது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தொடங்கி, இரவில் மிகுந்து, உறக்கத்தைக் கெடுத்து, நோயாளியை மனச்சோர்வின் விளிம்புக்கே தள்ளிவிடும். தோலில் எதுவும் தெரியாததால் சுற்றியிருப்பவர்கள் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை. தாராசுரத்தில் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயிலின் தலபுராணம், முனிவர் சாபத்தால் உடலெங்கும் எரிச்சலுற்ற எமன் அங்குள்ள குளத்தில் நீராடித் தணிந்ததாகக் கூறுகிறது. எமதீர்த்தம் என்றே அக்குளத்துக்குப் பெயர். பித்த அரிப்பு உள்ளவர்களும் குளிர்ந்த நீரில் சற்றே ஆறுதல் காண்கிறார்கள், ஆனால் அது நிலைப்பதில்லை. குடலில் பித்த அமிலங்களைப் பிணைத்து வெளியேற்றும் கொலெஸ்டைரமின் தூள், காசநோய் மருந்தாக அறியப்பட்ட ரிஃபாம்பிசின், இரத்தக் கொழுப்புக்கான பெசாஃபைப்ரேட் ஆகியவை இந்த அரிப்பைக் குறைக்க வல்லவை என்பதை நோயாளியிடம் சொல்லவேண்டியது மருத்துவரின் கடமை. கேட்காவிட்டால் நோயாளி அரிப்பைப் பற்றிப் பேசவே மாட்டார்.

அறிகுறி எதுவும் தோன்றுமுன்பே நோயைப் பிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. பித்தநாளச் செல்கள் உறுத்தப்படும்போது இரத்தத்தில் உயரும் அல்கலைன் பாஸ்ஃபட்டேஸ் என்ற நொதியின் அளவு, கல்லீரல் இரத்தப் பரிசோதனையில் வழக்கமாகவே இடம்பெறுகிறது. சிறு நகரத்து ஆய்வகமும் அதைச் செய்துதரும். குடல் அழற்சி நோய் உள்ள ஒவ்வொருவருக்கும் குறிப்பிட்ட கால இடைவெளியில் இதைப் பார்த்து, உயர்வு நீடித்தால் எம்.ஆர்.சி.பி.க்கு அனுப்பினால் போதும். அந்த எண் வழக்கத்தைவிடச் சற்றே உயர்ந்திருப்பதைக் கண்டும் காணாமல் விடுவதே இந்நோயின் வரலாற்றில் திரும்பத் திரும்ப நிகழும் பிழை.

கண்டறிந்த பின் கொடுக்க என்ன மருந்து இருக்கிறது என்ற கேள்விக்குத் தரப்படும் விடை மனத்துக்கு உவப்பானதன்று. ஆயுளை நீட்டிப்பதாக நிறுவப்பட்ட மருந்து இன்றில்லை. அர்சோடிஆக்சிகோலிக் அமிலம் என்ற மென்மையான பித்த அமிலத்தை உடல் எடையில் கிலோவுக்கு 13 முதல் 15 மில்லிகிராம் வரை கொடுத்தால் நொதியளவுகள் இறங்குகின்றன. அப்படியானால் இருமடங்கு கொடுத்தால் இருமடங்கு நன்மை விளையாதா என்று கருதி, அமெரிக்காவில் கிலோவுக்கு 28 முதல் 30 மில்லிகிராம் வரை கொடுத்து நடத்திய ஆய்வின் முடிவு 2009இல் வெளியானது. இரத்தப் பரிசோதனை எண்கள் அழகாகச் சீர்பட்டுக்கொண்டிருக்க, மருந்து உண்டவர்கள் போலி மாத்திரை உண்டவர்களைவிட மிகுதியாக இறப்பையும் மாற்றுக் கல்லீரல் தேவைப்படும் நிலையையும் அடைந்தார்கள். பரிசோதனைத் தாளுக்குச் செய்யும் வைத்தியம் வேறு, மனிதருக்குச் செய்யும் வைத்தியம் வேறு என்பதற்கு மருத்துவ வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்று அரிது. ஒரு நாளம் மட்டும் கடுமையாக நெரிந்து காமாலையோ காய்ச்சலோ வரும்போது ஈ.ஆர்.சி.பி. மூலம் சிறு பலூனைச் செலுத்தி விரிக்கலாம். அங்கே ஸ்டென்ட் குழாய் வைப்பது பலூனைவிட மேலானதன்று என்றும் சிக்கல்களைக் கூட்டுகிறது என்றும் 2018இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது.

இதற்காக நம்பிக்கை இழக்கவேண்டியதில்லை. நெதர்லாந்தில் 590 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், நோய் கண்டறியப்பட்டதிலிருந்து மாற்றுக் கல்லீரலோ நோயால் மரணமோ நேரும் வரையிலான இடைநிலைக் காலம் 21 ஆண்டுகளுக்கும் மேல் இருந்தது. பெரிய மருத்துவமனைகளுக்கு வந்தவர்களை மட்டும் எண்ணியபோது அதே காலம் 13 ஆண்டுகளாகச் சுருங்கியது. கடும் நோயாளிகளே அங்கு வருகிறார்கள் என்பதே காரணம். நூல்களில் படித்து அஞ்சும் குடும்பங்கள் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது.

அஞ்சவேண்டியது புற்றுநோய்க்கு. பித்தநாளத் தழும்பு நோயாளிகளில் 10 முதல் 15 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் பித்தநாளப் புற்றுநோய் வரலாம். அவற்றுள் கணிசமானவை நோய் கண்டறியப்பட்ட முதல் ஓராண்டுக்குள்ளேயே வெளிப்படுகின்றன. பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பும், கோலைட்டிஸ் மட்டும் உள்ளவர்களைவிட நான்கைந்து மடங்கு மிகுதி. இவ்விடத்தில் நோய் ஒரு சூழ்ச்சி செய்கிறது. பித்தநாள நோயுடன் வரும் கோலைட்டிஸ் பெரும்பாலும் பெருங்குடல் முழுவதும், குறிப்பாக வலப்பக்கத்தில், பரவியிருந்தும் மலக்குடலை ஒப்பளவில் விட்டுவைப்பதால் இரத்தப்போக்கும் வயிற்றுப்போக்கும் குறைவாகவே இருக்கும். அறிகுறி மென்மையாக இருக்கப் புற்றுநோய் வாய்ப்பு வன்மையாக இருப்பதால், தம் குடல் நலமாக இருக்கிறது என்று நோயாளி நம்பும்போதே ஆண்டுதோறும் கொலொனாஸ்கோப்பி தேவைப்படுகிறது. பித்தநாள நோய் முதலில் தெரியவந்து, குடலில் எந்தத் தொல்லையும் இல்லாதவருக்கும் ஒருமுறையேனும் பெருங்குடலைப் பார்த்துத் திசுத்துணுக்கு எடுத்துச் சோதிப்பது கட்டாயம்.

சிரோசிஸ் முற்றினால் எஞ்சும் வழி மாற்றுக் கல்லீரல் ஒன்றே. இத்துறையில் தமிழகத்துக்குப் பித்தநாளங்கள் வழியாகவே ஒரு தொடர்பு உண்டு. 1998 நவம்பரில் டெல்லியில் நடைபெற்ற, குழந்தை ஒன்றுக்கான இந்தியாவின் முதல் வெற்றிகரமான கல்லீரல் மாற்று அறுவை, பிறவியிலேயே பித்தநாளங்கள் உருவாகாத காஞ்சிபுரத்துக் குழந்தைக்குத் தந்தையின் கல்லீரல் பகுதியைப் பொருத்தியதாகும். இரண்டு வயதுகூட நிறையாதிருந்த அக்குழந்தை வளர்ந்து மருத்துவராகிவிட்டது. மயிலாடுதுறையை அடுத்த கிளியனூரில் பிறந்து, ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற முகமது ரேலா, பிறந்து 5 நாளே ஆன குழந்தைக்கு லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் கல்லீரல் பொருத்தி உலகக் கவனத்தைப் பெற்றவர். 2008இல் தமிழக அரசு தொடங்கிய, மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பெற்று வழங்கும் திட்டம் நாட்டுக்கே முன்மாதிரியாயிற்று. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் கல்லீரல் மாற்றையும் உள்ளடக்குவதால், தறியையும் வயலையும் நம்பி வாழும் குடும்பத்துக்கும் அது எட்டாத கனியாக இல்லை. உறுப்புதானம் செய்தவர்களின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையுடன் நடத்தப்படும் என்று 2023 செப்டம்பரில் வந்த அறிவிப்பு, கொடுக்கும் குடும்பங்களுக்குக் கிடைக்கவேண்டிய மதிப்பைத் தந்தது.

புதிய கல்லீரல் வந்த பின்னும் பழைய நோய் முற்றிலும் விட்டுப்போவதில்லை. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பொருத்தப்பட்ட கல்லீரலின் பித்தநாளங்களிலும் அதே தழும்பு காலப்போக்கில் தோன்றுகிறது. மாற்று அறுவைக்கு முன்பே பெருங்குடல் அகற்றப்பட்டவர்களிடம் இந்த மறுவருகை குறைவாக இருப்பது, நோயின் வேர் குடலில் இருப்பதற்கு இன்னொரு வலுவான சான்று. பெருங்குடல் அப்படியே இருப்பவர்களுக்கு, மாற்றுக் கல்லீரல் எவ்வளவு செம்மையாக இயங்கினாலும், ஆண்டுதோறும் செய்யவேண்டிய கொலொனாஸ்கோப்பி முன்போலவே தொடர்கிறது.